நங்கநல்லூருக்கு குடி வரப்போறீங்களா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

நான் இங்க வந்தப்போ ரெண்டாங் கிளாஸ். 1984. அப்பா சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை, லோன் போட்டு அரை கிரவுண்ட்ல ஒரு வீடு கட்டினார். கல்யாணம் ஆகி மதுரைல பல வருஷம் இருந்துட்டு திரும்ப அதே வீட்டுக்கே வந்துட்டேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொந்தக்காரங்க, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், அவங்களோட ஃப்ரெண்ட்ஸ்னு யாராவது போன் பண்ணி "அங்க வீடு பாக்கலாமா, தண்ணி எப்படி, மழைக்கு என்ன ஆகும்"னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றப்போ ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

நங்கநல்லூர் சரியா எங்க இருக்கு?

தென் சென்னைல, பரங்கிமலைக்குத் தெற்கே. பீச்–தாம்பரம் ரயில் லைன்ல பரங்கிமலைக்கு அடுத்த ஸ்டேஷன் பழவந்தாங்கல், அங்க இறங்கி கிழக்கு பக்கம் வந்தா நங்கநல்லூர். தண்டவாளத்துக்கு மேற்கே ஜிஎஸ்டி ரோடு (தாம்பரம் வழியா திருச்சி பக்கம் போற ஹைவே), அதைத் தாண்டினா ராணுவ ஆபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமி (ஓடிஏ), கொஞ்சம் தள்ளி மீனம்பாக்கம் ஏர்போர்ட். வடக்கே தில்லை கங்கா நகர், ஆதம்பாக்கம், ஆலந்தூர். கிழக்கே உள்ளகரம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம். தெற்கே மூவரசம்பட்டு. எல்லைக்கோடுன்னு ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது, ஒரு தெரு நங்கநல்லூர்ன்னும் அடுத்த தெரு ஆதம்பாக்கம்ன்னும் இருக்கும். பின்கோடு வச்சு பாத்தா நங்கநல்லூர் 600061, பழவந்தாங்கல் 600114, ஆதம்பாக்கம் 600088. வீட்டு விளம்பரத்துல "நங்கநல்லூர் அருகில்"னு போட்டிருந்தா முதல்ல பின்கோடு கேளுங்க, பல தடவை அது மடிப்பாக்கத்தோட 600091-ஆ இருக்கும். மடிப்பாக்கம் மோசம்னு சொல்லல, ஆனா ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம்னு நினைச்சு வந்தவங்களுக்கு அது ரொம்ப தூரம்.

பேர் எப்படி வந்துச்சு?

"நங்கை நல்லூர்"தான் நங்கநல்லூர் ஆச்சுன்னு எங்க தெரு பெரியவங்க சொல்லுவாங்க. பழவந்தாங்கலை பல்லவன் தாங்கல்னு சொல்றவங்களும் உண்டு. பல்லவன் விஷயத்தை விடுங்க, அந்த "தாங்கல்"ங்கற வார்த்தைதான் முக்கியம். தாங்கல்னா மழைத்தண்ணியைத் தேக்கி வயலுக்கு விடற சின்ன ஏரி. வேடந்தாங்கல்ல இருக்கறதும் அதே தாங்கல்தான். ஊர்ப் பேர்லயே ஏரி இருக்குன்னா இந்த நிலத்துல தண்ணி வந்து நின்ன இடம் இருந்திருக்குன்னு அர்த்தம். இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ மழை பத்தி சொல்றப்போ திரும்ப வரும்.

இது சென்னையா, காஞ்சிபுரம் மாவட்டமா? என் பழைய பத்திரத்துல வேற மாதிரி இருக்கே?

நிறைய பேருக்கு இந்த குழப்பம் இருக்கு. நாங்க வந்தப்போ இது செங்கல்பட்டு மாவட்டம், ஆலந்தூர் நகராட்சி. 1997-ல மாவட்டம் பிரிஞ்சதும் காஞ்சிபுரம் மாவட்டம் ஆச்சு. 2011 அக்டோபர்ல சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426-க்கு பெருசாக்கினப்போ ஆலந்தூர் நகராட்சியும் அதுல கலந்துடுச்சு, இப்போ நாங்க 12-வது மண்டலம். ஆனா மாநகராட்சில சேர்ந்தும் ஏழு வருஷம் கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு காஞ்சிபுரம்தான், 2018-லதான் ஆலந்தூர் தாலுகா சென்னை மாவட்டத்துக்கு வந்துச்சு. அதனால ஒரே வீட்டோட பேப்பர்ல மூணு மாவட்டப் பேர் இருந்தா பயப்படாதீங்க, எந்த வருஷத்து பேப்பர்னு பாத்தா சரியா இருக்கும். எம்எல்ஏ தொகுதி ஆலந்தூர், எம்பி தொகுதி ஸ்ரீபெரும்புதூர். தென் சென்னைன்னு நினைச்சுட்டு அந்த பூத்துல போய் பேரைத் தேடாதீங்க.

வீடுங்க வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?

வயலும் ஏரியும்தான். நங்கநல்லூர், பழவந்தாங்கல், தலக்கணாஞ்சேரின்னு சின்னச் சின்ன கிராமங்க. ஆனா இந்த வெட்டவெளிக்கு உலக சரித்திரத்துல ஒரு இடம் இருக்கு, எங்க ஏரியா பசங்களுக்கே இது தெரியலைன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்துல இருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஒரு நேர்கோட்டை சங்கிலி வச்சு அளக்க ஆரம்பிச்சார். ஏழரை மைல் தூரம், 100 அடி எஃகுச் சங்கிலி, வெயில்ல எஃகு நீளும்ங்கறதால சங்கிலியை பெட்டிக்குள்ள வச்சு மேல நிழல் போட்டு ஒவ்வொரு தடவையும் சூட்டையும் பாத்து குறிச்சுக்கிட்டு 57 நாள் அளந்தாங்க. அந்த சங்கிலி சீன ராஜாவுக்கு பரிசா கொண்டு போய் அவர் வேண்டாம்னு சொல்லி இந்தியாவுக்கு வந்த சங்கிலி. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த பெரிய சர்வே அந்த ஒரு கோட்டுல இருந்துதான் ஆரம்பிச்சுது. பின்னாடி ஜார்ஜ் எவரெஸ்ட் அதே வேலையைத் தொடர்ந்து இமயமலை வரை கொண்டு போனார், அவர் பேரைத்தான் அந்த சிகரத்துக்கு வச்சாங்க. மேப்பை எடுத்து பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு கோடு போட்டுப் பாருங்க, நங்கநல்லூரோட கிழக்கு ஓரத்தை ஒட்டித்தான் போகும். லாம்டனுக்கு பரங்கிமலை மேல ஒரு மார்பளவு சிலை இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய் காமிங்க, அங்கேருந்து ஏர்போர்ட் ரன்வேயும் நல்லா தெரியும், 1523-ல போர்த்துகீசியர் கட்டின சர்ச்சும் அங்கதான்.

வீடுங்க வந்ததுக்கு காரணம் ரயில். 1931-ல பீச்ல இருந்து தாம்பரம் வரைக்கும் கரண்ட் ரயில் விட்டாங்க, அந்தக் காலத்து மீட்டர் கேஜ். கோட்டைப் பக்கம் ஆபீஸ் போறவங்க இவ்ளோ தூரத்துல இருந்துகிட்டே ஒரே ரயில்ல போயிட்டு வரலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மனை பிரிச்சாங்க. ஏரியா பேரைப் பாத்தாலே யார் வந்து கட்டினாங்கன்னு தெரியும், சிவில் ஏவியேஷன் காலனி, எஸ்பிஐ காலனி, வோல்டாஸ் காலனி, எம்எம்டிசி காலனி, டிஎன்ஜிஓ காலனி. மாசச் சம்பளக்காரங்க, பிஎஃப் பணத்தை எடுத்து மனை வாங்கினவங்க, ரிடயர் ஆகறதுக்குள்ள ஒரு மாடி போட்டுடணும்னு நினைச்சவங்க. எங்க அப்பாவும் அதுல ஒருத்தர்.

அரசியல் சரித்திரமும் கொஞ்சம் இருக்கு. 1967-ல இந்தப் பக்கம் பரங்கிமலை தொகுதி, எம்ஜிஆர் கழுத்துல குண்டடி பட்டு ஆஸ்பத்திரில படுத்திருந்தபடியே ஜெயிச்சது இந்தத் தொகுதிலதான்.

தெருவுக்கெல்லாம் ஏன் நம்பர்? அட்ரஸ் கண்டுபிடிக்கவே முடியல.

மனை பிரிச்சப்போ வச்ச நம்பர் அப்படியே நின்னுடுச்சு. மெயின் ரோடுக்கும் நம்பர், குறுக்குத் தெருவுக்கும் நம்பர், அது போக ஒவ்வொரு நகருக்குள்ளயும் தனியா முதல் தெரு ரெண்டாவது தெரு. "நாலாவது தெரு"ன்னு மட்டும் சொன்னா ஆட்டோக்காரர் எந்த நகர்னு கேப்பார். அதனால இங்க எல்லாரும் அடையாளம் சொல்லித்தான் வழி சொல்லுவோம். சிதம்பரம் ஸ்டோர்ஸ், வெற்றிவேல் தியேட்டர், ஆஞ்சநேயர் கோயில், பஸ் ஸ்டாண்டு, இந்த நாலும் தெரிஞ்சா போதும், மிச்சத்தை கேட்டு கேட்டு போயிடலாம். டெலிவரி பசங்களுக்கு கேட் கலரையும் சேத்து சொல்லுங்க.

ட்ரெயின், மெட்ரோ, பஸ் எல்லாம் எப்படி?

இந்த ஊரோட பெரிய பலமே இதுதான். பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல ஏறினா ஒரு பக்கம் கிண்டி, மாம்பலம், எழும்பூர், பீச். இன்னொரு பக்கம் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். தெற்கே ஊருக்குப் போறவங்க எழும்பூர் வரை போகவே வேண்டாம், தாம்பரத்துலயே எக்ஸ்பிரஸ் பிடிச்சிடலாம், நான் மதுரைக்கு எப்பவும் அப்படித்தான் போவேன். தெற்கே போற வெளியூர் பஸ்சுக்கு 2023 டிசம்பர் கடைசில இருந்து கிளாம்பாக்கம் போகணும். கோயம்பேடு மாதிரி ஊருக்குள்ள இல்லையேன்னு நிறைய பேருக்கு குறை, ஆனா ஜிஎஸ்டி ரோட்டு ஓரம் இருக்கற எங்களுக்கு நேர் ரோடு.

மெட்ரோ 2016 செப்டம்பர் 21-ல வந்துச்சு, சின்னமலை–ஏர்போர்ட் பகுதி திறந்த அன்னைக்கு. ஸ்டேஷன் பேர் ஓடிஏ – நங்கநல்லூர் ரோடு. பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, அது ஜிஎஸ்டி ரோட்டுல ஓடிஏ பக்கத்துல இருக்கு, நங்கநல்லூர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். சப்வே தாண்டித்தான் வரணும், லக்கேஜ் இருந்தா ஆட்டோ வச்சுக்கோங்க. அங்கேருந்து ஏர்போர்ட் ரெண்டாவது ஸ்டேஷன், இந்தப் பக்கம் அடுத்த ஸ்டேஷனே ஆலந்தூர், அங்க மாறினா கோயம்பேடு, சென்ட்ரல் எல்லாம் போகலாம்.

பறக்கும் ரயிலை வேளச்சேரில இருந்து பரங்கிமலை வரை நீட்டிக்கற வேலை 2008-ல ஆரம்பிச்சாங்க. மொத்தமே 5 கிலோமீட்டர்தான். ஆதம்பாக்கம் பக்கத்துல 500 மீட்டர் நிலம் எடுக்கறதுல கேஸ் போய் வருஷக்கணக்கா தூண் மட்டும் நின்னுச்சு. எங்க தெருவுல ஒரு பாட்டி "இந்த ரயில்ல மயிலாப்பூர் போய் கபாலீஸ்வரரை பாக்கணும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பாக்காமலே போய் சேர்ந்துட்டாங்க. அந்தத் தூணைப் பாக்கறப்போ எல்லாம் எனக்கு அவங்க ஞாபகம்தான்.

மழை பேஞ்சா என்ன ஆகும்?

நேரா சொல்லிடறேன். ஊருக்குள்ள பெரும்பாலான தெரு தாக்குப்பிடிக்கும், சப்வேதான் பிரச்சனை. பழவந்தாங்கல் சப்வே, தில்லை கங்கா நகர் சப்வே, இந்த ரெண்டும்தான் ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போற வாசல். பெரிய மழைக்கு ரெண்டுலயும் தண்ணி நிக்கும், போலீஸ் தடுப்பு போட்டுடுவாங்க. அப்போ ஆதம்பாக்கம் வழியாவோ கீழ்க்கட்டளை பக்கமாவோ சுத்திட்டுத்தான் வரணும், எல்லாரும் அதே வழிக்கு வர்றதால பத்து நிமிஷ தூரம் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நவம்பர்ல, என் பையன் ஸ்கூல் வேன் சப்வேக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, நான் தண்டவாளத்து ஃபுட் ஓவர் பிரிட்ஜ் ஏறி அந்தப் பக்கம் போய் குழந்தைங்க நாலு பேரை கையைப் பிடிச்சு கூட்டிட்டு வந்தேன். தண்ணி கொஞ்சமாத்தான் தெரியுதுன்னு வண்டியை சப்வேல மட்டும் எறக்கவே எறக்காதீங்க, ஆழம் மேல இருந்து பாத்தா தெரியாது.

ஏன் இப்படின்னா, நிலத்தோட வாட்டம் கிழக்கே. இங்க விழற தண்ணி ஆதம்பாக்கம் ஏரி, வீராங்கால் ஓடை வழியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய் சேரணும். அந்த வழி முழுக்க இப்போ வீடு. ஓடை சுருங்கிப் போச்சு, சதுப்பு நிலத்துலயும் குப்பைக் கிடங்கும் கட்டடமும் வந்து பெரும்பகுதி போயிடுச்சு. மேல தாங்கல்னு சொன்னேனே, தண்ணியைத் தாங்கிக்கறதுக்குன்னு இருந்த இடத்தை எல்லாம் மூடிட்டு தண்ணி எங்க போகும்? 2015 டிசம்பர் வெள்ளத்துல ஏர்போர்ட்டே பல நாள் மூடியிருந்துச்சு, வேளச்சேரி மடிப்பாக்கத்துல முதல் மாடி வரைக்கும் படகு வந்துச்சு. எங்க தெருவுல முட்டி அளவு வந்து வடிஞ்சுது. மேடான தெருவுல இருந்தவங்க வீட்டுல வேளச்சேரி சொந்தக்காரங்க பத்துப் பதினஞ்சு பேர் வந்து தங்கினாங்க.

வீடு வாங்கறவங்க கண்டிப்பா செய்ய வேண்டியது, அந்தத் தெருவுல இருபது வருஷமா இருக்கற யாராவது ஒருத்தர்கிட்ட "2015-ல எவ்ளோ தண்ணி வந்துச்சு"ன்னு கேளுங்க. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க.

குடிதண்ணி, கிணத்துத் தண்ணி?

மெட்ரோ வாட்டர் கனெக்ஷன் இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பி இருக்கற வீடு கம்மி. பழைய வீட்டுல எல்லாம் உறைக்கிணறு இருக்கும், இல்ல போர். எங்க கிணறு 2019 கோடை வரைக்கும் ஒரு தடவை கூட அடி தெரிஞ்சதில்ல. அந்த ஜூன்ல சென்னையோட ஏரிங்க எல்லாம் வத்தினப்போ எங்க கிணறும் முதல் தடவை காஞ்சுது, லாரிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நின்னோம். 2003-ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசாங்கம் கொண்டு வந்தப்போ நிறைய பேர் கணக்குக்கு ஒரு குழாய் வச்சதோட சரி. எங்க அப்பா மொட்டை மாடித் தண்ணியை ஜல்லி மணல் போட்ட தொட்டி வழியா கிணத்துலயே விட்டார், 2019-ல எங்க கிணறு பக்கத்து வீட்டு போரை விட மூணு வாரம் கூட தாங்கினதுக்கு அதுதான் காரணம்னு நான் நம்பறேன். வீடு பாக்க வந்தா மொட்டை மாடிக் குழாய் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. டிரெய்னேஜ்ல முடிஞ்சா அந்த ஓனர்கிட்ட மாத்தித் தரச் சொல்லி கேளுங்க.

பாதாள சாக்கடை இருக்கா? புறநகர்ல எல்லாம் செப்டிக் டேங்க்தானே?

இருக்கு, இந்தக் கேள்வியை யாராவது கேட்டா எனக்கு சந்தோஷமா இருக்கும். இது நாங்களே காசு போட்டு கொண்டு வந்தது.

1990-கள்ல இந்த ஏரியா முழுக்க செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்துல டேங்க் நிரம்பி தெருவுல வழியும், கழிவுநீர் லாரிக்கு சொல்லி வச்சு வாரக்கணக்கா காத்திருக்கணும், கொசு தாங்க முடியாது, கிணத்துத் தண்ணியும் கெட்டுப்போகும். ஆலந்தூர் நகராட்சிக்கு தனியா இவ்ளோ பெரிய வேலை செய்யற அளவுக்கு பணம் கிடையாது. அப்போ நகராட்சித் தலைவரா இருந்தவர் ஆர்.எஸ்.பாரதி. திட்டம் என்னன்னா, வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரும் கனெக்ஷனுக்கு முன்கூட்டியே 5,000 ரூபா கட்டணும், கடைங்களுக்கு 10,000, மிச்சத்துக்கு அரசாங்க நிதி நிறுவனங்கள்கிட்ட கடனும் மானியமும், பெருங்குடில கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை தனியார் கம்பெனி கட்டி நடத்திட்டு பின்னாடி ஒப்படைக்கணும். குழாய் ஒண்ணு கூட பதிக்கறதுக்கு முன்னாடி பணம் கட்டச் சொல்றாங்க, அந்தக் காலத்து 5,000 ரூபா, பென்ஷன்காரங்களுக்கு அது மாச வருமானத்துக்கும் மேல.

தெருத் தெருவா குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டி பேசினாங்க. எங்க தெருக் கூட்டம் எங்க வீட்டு வாசல்லயே நடந்துச்சு, அம்மா எல்லாருக்கும் மோர் குடுத்தாங்க. "பணத்தைக் கட்டிட்டு குழி மட்டும் வெட்டிப் போட்டுட்டா என்ன பண்ணுவோம்"னு எதிர் வீட்டு மாமா கேட்டார், நியாயமான கேள்விதான். அப்பா மறுநாள் பிஎஃப்ல இருந்து எடுத்து கட்டிட்டு வந்து ரசீதை எல்லாருக்கும் காமிச்சார். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் கட்டினாங்க, ஒரு மாசத்துல எதிர் வீட்டு மாமாவும் கட்டிட்டார். 2000 வாக்குல வேலை ஆரம்பிச்சுது, மூணு வருஷம் போல தெருவெல்லாம் பள்ளம், ஆனா கனெக்ஷன் வந்துச்சு. நாட்டுல ஒரு சின்ன நகராட்சி மக்கள் பணத்தையும் தனியாரையும் சேத்து சாக்கடைத் திட்டத்தை முடிச்சதுன்னு இதை பல ஊர்ல இருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க, படிப்புல பாடமாவும் வச்சிருக்காங்க. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகுது. அந்த 5,000 ரூபா ரசீது இன்னும் எங்க பீரோல வீட்டுப் பத்திரத்தோட இருக்கு.

இவ்ளோ கோயில் ஏன்? எதை முதல்ல பாக்கலாம்?

ஆஞ்சநேயர் கோயில்தான் எல்லாருக்கும் தெரியும். 32 அடி, ஒரே கல்லு. சிலை வந்தது 1989-ல, கும்பாபிஷேகம் 1995-ல. சனிக்கிழமையும் மார்கழி அனுமத் ஜெயந்திக்கும் அந்தத் தெருவுல கார் கொண்டு போகவே போகாதீங்க. வடைமாலை சாத்தறதைப் பாக்கறதுக்குன்னே வருவாங்க, பிரசாத வடை மிளகு தூக்கலா மொறுமொறுன்னு இருக்கும், நாலு நாள் வச்சிருந்து சாப்பிடலாம்.

எனக்குப் பிடிச்சது ராஜராஜேஸ்வரி கோயில். படி ஏறித்தான் அம்மன்கிட்ட போகணும், ஒவ்வொரு படிக்கும் ஒரு திதி நித்யா தேவி, அதாவது அந்தந்த திதிக்குரிய அம்மன். வெள்ளிக்கிழமை கூட்டத்தை விட்டுட்டு சாதாரண நாள்ல காலைல போங்க. இது போக லட்சுமி நரசிம்மர், அர்த்தநாரீஸ்வரர், தர்மலிங்கேஸ்வரர், கேரளா பாணில கட்டின குருவாயூரப்பன் கோயில், இன்னும் தெருவுக்கு ஒரு பிள்ளையார். ரிடயர் ஆனவங்க நிறைய பேர் வந்து சேர்ந்த ஊரு, நேரமும் இருந்துச்சு, மனசும் இருந்துச்சு, ஒவ்வொருத்தரும் தன் ஊர்ச் சாமியைக் கொண்டு வந்துட்டாங்கன்னு நான் நினைக்கறேன்.

ஒரு விஷயம் சொல்லாம விட முடியாது. 2023 ஏப்ரல் 5, தர்மலிங்கேஸ்வரர் கோயில் தீர்த்தவாரி மூவரசம்பட்டு குளத்துல நடந்தப்போ இளம் அர்ச்சகர்கள் அஞ்சு பேர் மூழ்கி செத்துப் போனாங்க. எல்லாம் சின்ன வயசு. அன்னைக்கு ஊரே வாசல்ல வந்து நின்னுச்சு. குளத்தங்கரை திருவிழாவுக்கு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா தண்ணி ஓரத்துல விடாதீங்க.

ஃப்ளைட் சத்தம் தொல்லையா?

முதல் மாசம் தொல்லை, அப்புறம் காதுல விழாது. போன் பேசறப்போ மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திட்டு பேசுவோம். ஏர்போர்ட் பக்கத்துல இருக்கறதால கட்டடத்தோட உயரத்துக்கு கட்டுப்பாடு உண்டு, வானத்தை மறைக்கற மாதிரி இருபது மாடி இங்க வராது. எனக்கு அது நிம்மதி.

ஸ்கூல், காலேஜ்?

நேரு அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கு, சிபிஎஸ்இ, மெட்ரிகுலேஷன்னு பிரைவேட் ஸ்கூலும் நடக்கற தூரத்துலயே நிறைய இருக்கு. காலேஜுக்கு மீனம்பாக்கம் ஏ.எம்.ஜெயின், குரோம்பேட்டைல வைஷ்ணவா பெண்கள் கல்லூரி, அப்துல் கலாம் படிச்ச எம்ஐடியும் குரோம்பேட்டைதான், ட்ரெயின்ல நாலாவது ஸ்டேஷன்.

ஆஸ்பத்திரி?

சின்ன கிளினிக், நர்சிங் ஹோம் தெருவுக்குத் தெரு. அரசு ஆஸ்பத்திரின்னா குரோம்பேட்டை, பெரிய வைத்தியத்துக்கு 2023-ல கிண்டில திறந்த கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி, 1,000 படுக்கை. ஆனா அவசரத்துக்கு வண்டி எந்த சப்வே வழியா போகணும்ங்கறதை முன்னாடியே யோசிச்சு வச்சுக்கோங்க, மழை நாள்ல வயசானவங்க இருக்கற வீட்டுல இது ரொம்ப முக்கியம்.

கடை கண்ணி, சினிமா, பார்க்?

காய்கறி, பூ, நாட்டு மருந்து, பூஜை சாமான், ரெடிமேட் மாவு, பில்டர் காபி, எதுக்கும் ஊரைத் தாண்ட வேண்டாம். டிபன் கடைங்க சாயந்திரம் நாலு மணிக்கு மேல உயிர் வரும். வெள்ளிக்கிழமைன்னா பல்லாவரம் சந்தை, பழைய மிக்சில இருந்து செடி, புறா வரைக்கும் கிடைக்கும், கண்டிப்பா ஒரு தடவை போய்ப் பாருங்க. சினிமாவுக்கு உள்ளூர் தியேட்டரே இருக்கு. சுதந்திர தினப் பூங்கால காலைல வாக்கிங் போறவங்கதான் இந்த ஊரோட நியூஸ் சேனல், யார் வீடு வாடகைக்கு இருக்குன்னு புரோக்கருக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்.

தனி வீடா, ஃப்ளாட்டா? எது கிடைக்கும்?

தனி வீடு குறைஞ்சுகிட்டே வருது. எங்க தெருவுல நாங்க வந்தப்போ 22 வீடு, எல்லாம் தனி. இன்னைக்கு அதுல 6 மட்டும் மிச்சம், பாக்கி எல்லாம் இடிச்சு ஃப்ளாட் ஆயிடுச்சு. பிள்ளைங்க அமெரிக்கா, பெங்களூர்ல, பெரியவங்க ரெண்டு பேரால கிணறு, தோட்டம், மாடின்னு பராமரிக்க முடியல, பில்டர்கிட்ட குடுத்துட்டு ஒரு ஃப்ளாட் வாங்கிக்கறாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு குடும்பம் இருந்த இடத்துல எட்டு குடும்பம் வர்றப்போ அந்தப் பழைய சாக்கடைக் குழாய்க்கும், தண்ணிக்கும், தெரு அகலத்துக்கும் எட்டு மடங்கு பாரம். முக்கியமா மாமரமும் தென்னையும் போயிடுது. ஃப்ளாட் வாங்கறவங்க பில்டர் கிணத்தை மூடிட்டாரா, காலி மண்ணு கொஞ்சமாவது விட்டிருக்காரா, மொத்தத்துக்கும் சிமெண்ட் போட்டுட்டாரான்னு பாத்து கேளுங்க. வாங்கறவங்க கேட்டாத்தான் கட்டறவங்க விடுவாங்க.

அப்போ வீடு பாக்க எப்போ வரலாம்?

ஜனவரி, பிப்ரவரில எந்த ஊரும் அழகாத்தான் இருக்கும். நவம்பர்ல நல்ல மழை பேஞ்ச மறுநாள் காலைல வாங்க. கார் வேண்டாம், பழவந்தாங்கல்ல ட்ரெயின் இறங்கி நடந்து வாங்க, சப்வேல தண்ணி எவ்ளோன்னு பாத்துட்டு, நீங்க பாக்கப்போற தெருவோட நடு ரோட்டுல நின்னு ரெண்டு பக்கமும் எது மேடு எது பள்ளம்னு பாருங்க. இன்னொரு தடவை சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து ட்ராஃபிக்கைப் பாருங்க. ரெண்டையும் பாத்துட்டும் பிடிச்சிருந்தா வீட்டுக்கு வாங்க, காபி போட்டுத் தர்றேன், எங்க தெருவுல ஒரு மாடி போர்ஷன் தை மாசம் காலியாகுது.